மண் தாங்காத கால்கள்

நெடுந்திடல் என்னும் ஊரில் மழை பெய்வதும் பொய்ப்பதும் வானத்தைப் பொறுத்திருக்க, ஊரார் முகம் தெளிவதும் இருள்வதும் இளம்புயல் கபடிக் குழுவைப் பொறுத்திருந்தன. குழு வென்ற வாரத்தில் கறிக்கடை வாசலில் கூட்டம் நெரியும். தோற்ற வாரத்தில் தேநீர்க்கடைக்காரர் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார், ஏனென்று கேட்பாரும் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலும், மாவு மில் நடத்திய சந்தானலெட்சுமியைப் போல அந்தக் குழுவின் ஏற்ற இறக்கத்தோடு தன் மூச்சை முடிந்து வைத்தவர் வேறொருவர் இல்லை. ஆட்டமுள்ள நாளில் அவள் மில்லைப் பூட்டிவிட்டு, திடலின் வடமேற்கு மூலையில், பக்கக் கோட்டுக்கு வெளியே சுண்ணாம்பு மூட்டையின் அருகே அமர்வாள். முடியும்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். நம் பிள்ளை ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்தால் அவளும் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

“மில்லக்கா, அவன் திரும்பி வந்து மூச்ச விட்டுட்டான். நீங்களும் விட்டுடுங்க, நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட முடியாது” என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள்.

தோல்விக்கு மறுநாள் அவள் மில்லின் அரைக்கும் கல்லை இறுக்கி விடுவாள். மாவு சூடேறிக் கருகல் வாசம் அடிக்கும். “நேத்து தோத்துட்டாங்க போலருக்கு” என்று பெண்கள் வாசத்தை வைத்தே முடிவைத் தெரிந்துகொண்டு, தூக்குவாளியை எடுத்துப் போவார்கள்.

அந்தக் குழுவில் பாடிப் போவதற்கென்றே பிறந்தவன் போல இருந்தான் இளஞ்சேரன். அவன் சிறுவனாய்த் திடலில் புரண்ட காலந்தொட்டு, அவனுடைய அம்மா கொண்டுவரும் உளுந்தைத் தனியே வறுத்து, தனியே அரைத்து, களிக்கென்று பதம் பார்த்துக் கொடுத்தவள் சந்தானலெட்சுமி. அவன் தாவும்போதெல்லாம், அந்த எலும்புக்குள் இருப்பது என் மில்லின் உளுந்து என்று அவள் நினைத்துக்கொள்வாள்; நினைத்ததோடு நில்லாமல் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லவும் செய்வாள்.

அந்த இளஞ்சேரன் ஒரு பொங்கலுக்கு முன், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மேலக்கோட்டைக்கு ஆடப் போனான். அங்கே அரிசி ஆலைக்காரர் ஒருவர் வேலையும், ஒழுகாத ஒரு வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்; இங்கே அவன் வீட்டுக் கூரை ஒழுகியது, அவன் மனைவியும் முழுகாமல் இருந்தாள். இவையெல்லாம் சந்தானலெட்சுமிக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நெடுந்திடலின் பொங்கல் இறுதியாட்டத்தில் அவன் பச்சைச் சட்டையோடு மறுபக்கத்திலிருந்து பாடிக்கொண்டு வந்து, தன்னோடு வளர்ந்த மூவரை ஒரே மூச்சில் தொட்டுத் திரும்பியபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று மில்லின் பெல்ட்டைப் போல அறுந்தது.

தோற்ற பக்கத்தார் ஆளுக்கொரு பிடி மண் வாரி வானத்தில் வீசிவிட்டுக் கலைவது அந்த வட்டாரத்து வழக்கம். அதில் வன்மம் இல்லை. ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த ஆசையை உதறிப் போடுவதுதான் அது. அன்றும் புழுதி எழுந்தது, இரைச்சல் எழுந்தது. அந்தப் புழுதிக்குள் சந்தானலெட்சுமி மட்டும் வழக்கம் தப்பினாள். கண்ட இடத்தில் வாராமல், நடுக்கோட்டருகே இளஞ்சேரனின் கால் பதிந்த தடத்தைத் தேடிக் குனிந்து, அந்தத் தடத்து மண்ணை வாரி, அவன் போகும் திசையில் வீசி, வாய்விட்டுச் சொன்னாள்:

“என் உளுந்து தின்ன காலுடா அது. இந்த மண்ணு இனிமே உன்னத் தாங்காது. தாங்கவே தாங்காது.”

இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. மண்ணின் காதில் விழுந்தது.

மறுநாள் காலை இளஞ்சேரன் கட்டிலிலிருந்து இறங்கியபோது கால் தரைக்கு எட்டவில்லை. தரைக்கும் பாதத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. எக்கிப் பார்த்தான், குதித்துப் பார்த்தான். இடைவெளி அப்படியே இருந்தது. மனைவியை அழைத்துக் காட்டினான். அவள் குனிந்து, இடைவெளிக்குள் துடைப்பத்தை விட்டு ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு, “எதுவா இருந்தாலும் மொதல்ல பல்ல வெளக்கிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்” என்றாள்.

மரமும் துணியும் இரும்பும் அவனைத் தாங்கின. மண்ணும், மண்ணிலிருந்து வந்த செங்கல்லும் சிமெண்டும் ஓடும் தாங்க மறுத்தன. ஆகவே அவன் நாற்காலியில் அமரலாம், மிதிவண்டி ஓட்டலாம், பேருந்திலும் நிற்கலாம். இறங்கி நடந்தால் மட்டும் தண்ணீருக்குள் நடப்பவன் போல, தடம் பதியாமல் நகர்ந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் கால்களைத் தட்டிப் பார்த்து, கால்களில் குறையொன்றும் இல்லை, குறை தரையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். தீமிதித் திருவிழாவில் அவன் பூங்குழியைக் கடந்தபோது, வேண்டுதல் நிறைவேறியதா இல்லையா என்று கோயில் கமிட்டி கூடிப் பேசி, சூடு படாத பாதத்தை அம்மன் கணக்கில் எடுக்கமாட்டாள் என்று தீர்த்தது. பின்னர் ஆடிக் காற்று வீசிய நாள்களில் அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை யாராவது தெரிந்தவரின் மிதிவண்டியில் முடிந்து அனுப்பினார்கள். ஈர வயலின் நாற்றுக்கு மேலே அவன் குறுக்கே போனால் எந்த விவசாயியும் அதட்டவில்லை. முதல் மாதம் வேடிக்கை பார்த்த சுற்றுவட்டாரம் இரண்டாம் மாதம் வழி விட்டது, மூன்றாம் மாதம், வெளியூரிலிருந்து யாராவது வாய்பிளந்து நின்றால், “ஏன், உங்க ஊர்ல இப்படி ஒருத்தர்கூட இல்லையா?” என்று திருப்பிக் கேட்டது.

மேலக்கோட்டைக் கபடிக் குழுவால் மட்டும் தொடக்கத்திலிருந்தே அதைச் செரித்துக்கொள்ள முடியவில்லை. பாடிப் போகிறவன் எதிரணிக் களத்துக் கோட்டைக் காலால் மிதித்துக் கடந்தாக வேண்டும். கால் தரையில் படாதவன் எதையும் கடந்ததாகக் கொள்ள முடியாது. அவன் பாடிப் போன ஒவ்வொரு முறையும் நடுவர் விசில் ஊதி அவனை வெளியேற்றினார். பங்குனி பிறக்குமுன் அவனுடைய வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. மனைவியையும் ஒரு தகரப் பெட்டியையும் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒழுகும் கூரைக்கே அவன் திரும்பி வந்தான்.

அப்போதுதான் இளம்புயல் குழுவை நடத்திவந்த பக்கிரிசாமி, ஊரார் மாஸ்டர் என்று அழைக்கும் அந்த மனிதர், தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் அவனுடைய பாதங்களைப் பார்த்தார்.

“டேய் சேரா, கோட்டுக்கு வெளியில காலு பட்டாத்தான அவுட்டு?”

“ஆமா மாஸ்டர்.”

“உனக்குத்தான் காலே படாதே.”

கடையில் இருந்தவர்கள் கையிலிருந்த தம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

அதிலிருந்து நெடுந்திடலுக்கு நல்ல காலம் பிறந்தது. எதிரணிக்காரன் பாடிக்கொண்டு வருவான். இளஞ்சேரன் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே மிதந்து, கூட்டத்தின் ஓரமாகவே சுற்றி, வந்தவன் திரும்பும் நேரத்தில் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வான். எதிரணிகள் முறையிட்டன, நடுவர்கள் கூடினார்கள், விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டு, தரையைத் தொடாதவர் எல்லைக்கு வெளியே இருப்பினும் வெளியேறியவர் ஆகார் என்று அறிவித்தார்கள். இளம்புயல் வென்றது. திருமக்கோட்டையிலும் வென்றது, வடுவூரிலும் வென்றது, இதுவரை கால் வைக்கவே அஞ்சிய ஊர்களிலெல்லாம் வென்றது. கறிக்கடைக்காரர் இன்னொரு ஆளை வேலைக்கு வைத்தார். தேநீரில் சர்க்கரை திகட்டியது. சந்தானலெட்சுமி வாழ்நாள் முழுவதும் வேண்டிக்கொண்ட வெற்றிகளெல்லாம், வழி கேட்டு விசாரித்து வந்தவை போல, ஒன்றன்பின் ஒன்றாக அவள் ஊருக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் மாவு கருகல் வாசம் அடித்தது. கல்லைத் தளர்த்தினாள், மாற்றினாள், கொத்தினாள், வாசம் போகவில்லை. “செயிச்சாலும் கருகுதே, என்னக்கா இது?” என்று பெண்கள் கேட்டபோது, மின்சாரம் சரியில்லை என்றாள்.

அன்று வாரிய மண்ணில் ஒரு பகுதி, கழுவியும் போகாமல் அவளுடைய உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி ஒரு சிறிய தகர டப்பாவில் போட்டு, உளுந்துக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். கோயில் பூசாரி ஒருநாள் மிளகாய் அரைக்க வந்தவர், அவள் கேட்காமலேயே சொன்னார்:

“யாரோ காலடி மண்ண எடுத்துருக்காங்க. எடுத்தவங்களே அத அவன் காலுக்கடியில போட்டு, தாங்குன்னு சொல்லணும். அன்னைக்கு ஊர் கூடுன எடத்துல சொன்னதுன்னா, இன்னைக்கும் ஊர் கேக்கத்தான் சொல்லணும். வேற பரிகாரம் கெடையாது.” பிறகு மிளகாய்த் தூளை வாங்கி முகர்ந்து பார்த்து, “இதுவும் கருகுது” என்றார்.

அன்றே டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். தெருமுனையில் மாஸ்டர் எதிர்ப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி என்றார். இந்த ஆட்டம் முடியட்டும் என்று அவள் திரும்பிவிட்டாள். அடுத்த முறை புறப்பட்டபோது மாவட்டப் போட்டி இருந்தது. இந்த ஆட்டம் முடியட்டும் என்று திரும்பினாள். அதற்கடுத்த முறை புறப்படவேயில்லை, கதவருகே நின்றபடியே சொல்லிக்கொண்டாள். அறிந்து செய்யும் பிழைக்கு ஆட்டங்கள் வரிசையாக வந்து தோள் கொடுத்தன.

ஐப்பசியில் ஒருநாள் இளஞ்சேரன் மில்லுக்கு வந்தான். குழந்தை பிறந்திருந்தது; பெண் குழந்தை. மனைவியின் களிக்கு உளுந்து அரைக்க வேண்டியிருந்தது. சிமெண்டுத் தரைக்கு மேலே நின்றபடி அவன் தூக்கை நீட்டினான். உள்ளங்கால்கள் கைக்குழந்தையின் பாதங்களைப் போல வெளுத்து மென்மையாகியிருப்பதை அவள் பார்த்தாள்.

“பாப்பா எப்படி இருக்கா தம்பி?”

“நல்லாருக்காக்கா. தூக்கிட்டு நடந்தா பயமாருக்கு. அவளும் என்னைய மாதிரி ஆயிடுவாளோன்னு இறக்கி இறக்கி விட்டுப் பாக்குறேன். அவ காலு நல்லாப் படுது.”

அவள் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“யாரோ சொன்ன வாக்குங்குறாங்க அக்கா. யாருன்னு தெரிஞ்சா அவங்க கால்ல விழுந்து கேட்டுரலாம். ஆனா பாருங்க,” என்று அவன் சிரித்தான், “விழவும் முடியாதே. நாலு வெரக்கட மேலயே நின்னுடுவேன்.”

உளுந்து அரைபட்டு முடிந்ததும் அவள் எந்திரத்தை நிறுத்தினாள். உளுந்து மாவைக் கொடுத்தாள். அவன் தூக்கைத் திறந்து முகர்ந்தான். மூடியை அழுத்தி மூடிக்கொண்டான்.

மார்கழியில் இளஞ்சேரனின் அப்பா இறந்தார். அவர்கள் வழக்கப்படி அடக்கம். பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம் என்பதால், சந்தானலெட்சுமி மற்றவர்களோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கையில் தீச்சட்டியோடு பாடைக்கு முன்னால் தடமின்றிப் போகும் பிள்ளையைப் பார்த்தாள். ஆண்கள் அடக்கம் முடிந்து திரும்பி வந்தார்கள். மாஸ்டர் அவளருகே வந்து தலைத்துண்டை உதறினார்.

“மொதப் பிடி மண்ணு மவன்தான போடணும். கையில வாங்குனான் அக்கா. நிக்க மாட்டேங்குது. வெரலுக்கு வெரலு தண்ணி மாதிரி ஒழுகி வெளியில போயி விழுவுது. மறுபடி வாருறான், மறுபடி ஒழுவுது. குழிக்குள்ள ஒரு பொட்டு விழல. அப்புறம் பங்காளிப் பய ஒருத்தன் போட்டான்.”

அவளுடைய கண்கள் நிறைந்தன. ஆனால் கண்ணீருக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. தந்தையை இழந்தவன் பொங்கல் ஆட்டத்தில் ஆடுவானா என்ற கேள்வி, அழைக்காத விருந்தாளி போல முதலில் வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தது. அழுகை அதன் பின்னால்தான் வந்தது. எது முன்னால் வந்தது என்பதை வேறு யாரும் அறியமாட்டார்கள். அவள் அறிவாள். வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு, தன்னைத் தானே முதன்முறையாக, அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“ஆடுவான்” என்றார் மாஸ்டர், அவள் கேட்டதுபோல. “நான் பேசிட்டேன்.”

பொங்கல் வந்தது. திடலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இறுதியாட்டத்துக்கு மேலக்கோட்டையே வந்திருந்தது. சந்தானலெட்சுமி தன் வடமேற்கு மூலையில் அமர்ந்தாள்; டப்பா மடியில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும், பரிசு கொடுக்குமுன், ஊர் முன்னால் எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்த முடிவால் அவளுக்குச் சற்று நிம்மதிகூட வந்திருந்தது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் இரு பக்கமும் சமமாக நிற்க, மேலக்கோட்டைக்குக் கடைசியாக ஒருமுறை பாடி வரும் வாய்ப்பு மிஞ்சியது. வந்தவனைப் பிடித்தால் நெடுந்திடலுக்கு வெற்றி. அவன் பாடிக்கொண்டு உள்ளே வந்தான். இளஞ்சேரன் வழக்கம்போலப் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே மிதந்து, மூலையைச் சுற்றி, அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான். கை நீட்டினால் தொடும் தூரம். இன்னும் ஒரு பாய்ச்சலில் பின்னாலிருந்து பிடித்துவிடுவான். திடலே மூச்சை அடக்கியது, அவளும் அடக்கினாள். அவனுடைய பாதங்களுக்குக் கீழே அந்த நான்கு விரற்கடை வெளியில், சாய்ந்த வெயில் புகுந்து மறுபக்கம் வந்தது.

இந்த ஆட்டம் முடியட்டும், என்றது அவள் மனம்.

அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அரையிறுதிக்கும் அதுதான் சொன்னது, மாவட்டப் போட்டிக்கும் அதுதான் சொன்னது. இது முடிந்தால் மாநிலப் போட்டி வரும். அப்போதும் இதே குரல், இதே சொல், இதே பணிவோடு வரும். அடக்கிய மூச்சை விட்டாள். டப்பாவைத் திறந்து மண்ணை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, அந்தக் கையை அவன் பாதங்களுக்கடியில் நுழைத்து, மில் எந்திரத்தையும் மீறிப் பேசிப் பழகிய குரலில் சொன்னாள்:

“போன பொங்கலுக்கு இவன் காலடி மண்ண வாரித் தூத்துனவ நான்தான். தாங்காதுன்னு சொன்ன வாயி இதுதான். மண்ணே, இவனத் தாங்கு!”

மண்ணின் காதில் அதுவும் விழுந்தது. ஓராண்டாக வராதிருந்த பாரமெல்லாம் ஒன்றாக வந்ததுபோல, இளஞ்சேரனின் கால் அவள் கையின் மேல் இறங்கி, கையைத் தரையோடு வைத்து அழுத்தியது. விரல்கள் நெரிந்தன, அவள் கத்தவில்லை. மற்றொரு கால் பக்கத்தில், கோட்டுக்கு நன்றாக வெளியே, புழுதியில் சத்தத்தோடு பதிந்தது.

நடுவர் விசில் ஊதினார். “நெடுந்திடல் அவுட்.” மேலக்கோட்டைக்காரன் தன் பக்கம் போய்ச் சேர்ந்தான். ஒரு புள்ளியில் ஆட்டம் முடிந்தது.

மேலக்கோட்டையார்கூட ஆரவாரம் செய்யவில்லை. சந்தானலெட்சுமி கையை உருவிக்கொண்டு எழுந்து, இரண்டடி விலகி நின்றாள். முதலில் குனிந்தவர் மாஸ்டர். நடந்து வந்து, அவள் சற்றுமுன் நின்ற இடத்தில் அவளுடைய காலடி மண்ணைப் பார்த்து வாரி எடுத்தார். அவருக்குப் பின்னால் கறிக்கடைக்காரர் குனிந்தார், தேநீர்க்கடைக்காரர் குனிந்தார், மூலையில் அமர்ந்து அவளோடு மூச்சடக்கியவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

“ஏங்க்கா?” என்றார் மாஸ்டர். “அன்னைக்குத் தூத்துனதக் கேக்கல. அது போவட்டும். இன்னைக்கு ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“வருஷம் பூரா அந்த ஒரு நிமிஷத்தத்தான் பொறுத்தேன் மாஸ்டர்.”

அவர் கையை ஓங்கினார். அப்போது இளஞ்சேரன் நடந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, தோளில் வந்து விழுந்த கைகளையும் பார்க்கவில்லை. நடை பழகும் குழந்தையைப் போல வெளுத்த பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கல் குத்தினால் நின்று, மறுபடி எடுத்து வைத்து, திடலைக் கடந்தான். வழியில் ஒரு பிடி மண் எடுத்து, விரலிடுக்கில் ஒழுகுகிறதா என்று பார்த்தான், ஒழுகவில்லை. அந்தப் பிடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இடுகாட்டுப் பாதையில் திரும்பினான். அவனுக்குப் பின்னால் திடலிலிருந்து பாதை நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, ஆழமான தடங்கள் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர்களின் கைகளிலிருந்து மண் தானாக உதிர்ந்தது.

மாஸ்டரின் கையிலிருந்தது மட்டும் உதிரவில்லை. அவர் அதை வீசவும் இல்லை, கொட்டவும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து, ஒரு முனையில் அந்த மண்ணை வைத்து முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். சந்தானலெட்சுமியும் போனாள், அவனுடைய தடங்கள் எதையும் மிதித்துவிடாமல் பாதையின் ஓரமாக.

மறுநாள் மில்லில் கருகல் வாசம் இல்லை. இளம்புயல் பழையபடி வெல்வதும் தோற்பதுமாக இருந்தது. இளஞ்சேரன் மீண்டும் பாடிப் போனான். உளுந்தை மட்டும் பக்கத்து ஊரில் அரைத்துக்கொண்டான். சந்தானலெட்சுமி எல்லா ஆட்டங்களுக்கும் போனாள். சுண்ணாம்பு மூட்டையின் அருகே அவளைச் சுற்றி ஓராள் இடம் எப்போதும் காலியாக இருந்தது. மாஸ்டர் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார், அவளும் சொல்வாள். இருவருடைய கண்களும் அவருடைய தலைத்துண்டின் முடிச்சுக்குப் போய்த் திரும்பும்.

ஒவ்வொரு நாள் விடியலிலும் அவள் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே இறக்குகிறாள். பெருவிரல் நுனியில் சில்லென்று தரை தட்டுப்படும்வரை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.